பழவேற்காடு ஏரியை அகச்சிவப்பில் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொன்னேரியில் எங்கள் வீட்டிலிருந்து பழவேற்காட்டுக்கு பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா தூண்டிலோடு கிளம்பினால் நானும் பின்னாலேயே ஓடுவேன். அவர் பிடித்த மீனைவிடத் திரும்பும் வழியில் வாங்கிய மீன்தான் அதிகம். அம்மாவுக்கும் அது தெரியும். அதே ஏரி மெல்ல மறைந்துவருகிறது என்று சொல்லிக்கொண்டே, ஏழு வருடமாக அதை அகச்சிவப்புக் கேமராவில் எடுத்துவருகிறேன். படங்களைப் பார்ப்பவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, எழுதிவைக்கிறேன். கேள்விகள் அவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

அகச்சிவப்பு என்றால் உடம்புச் சூட்டைப் படம் எடுப்பதுதானே?

இல்லை. சூட்டைக் காட்டும் கேமரா வேறு வகை. அது ஏறக்குறைய 8,000 முதல் 14,000 நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) வரை நீளமுள்ள அலைகளைப் பார்க்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் 400-இல் தொடங்கி 700-இல் முடிகிறது. நான் எடுப்பது அதற்கு அடுத்த வீட்டில் இருக்கும் 700 முதல் 1,000 வரையிலான பகுதி. இது வெயிலோடு சேர்ந்து வந்து, பொருள்மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான். நம் கண் அதைப் பிடிப்பதில்லை, கேமராவின் சென்சார் பிடித்துவிடும்.

மரமெல்லாம் ஏன் வெள்ளையாக இருக்கிறது? பனி பெய்த மாதிரி கணினியில் மாற்றினீர்களா?

கணினியில் ஒன்றும் செய்யவில்லை. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கிக்கொள்ளும், அகச்சிவப்பை விழுங்காது. இலைக்குள் போகும் அந்த வெளிச்சம், உள்ளே உயிரணுக்களுக்கும் காற்றறைகளுக்கும் நடுவில் மோதி மோதிப் பெருமளவு வெளியே திரும்பிவிடுகிறது. அதனால் உயிருள்ள இலை வெள்ளையாகத் தெரிகிறது. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் உட் 1910-இல் இப்படிப்பட்ட படங்களை முதன்முதலில் வெளியிட்டதால் இதற்கு 'உட் விளைவு' என்று பெயர். ஆங்கிலத்தில் மரத்துக்கும் அதே சொல் என்பது தற்செயல்.

இலை பச்சையாக இருந்தால் போதாது, உயிரோடு இருக்க வேண்டும். இரண்டாம் உலகப்போரில் தழைகளுக்கும் பச்சைத் துணிக்கும் அடியில் மறைத்த பீரங்கிகளைக் கண்டுபிடிக்கத் தனி அகச்சிவப்பு ஃபிலிம் செய்தது இதனால்தான். பச்சைப் பெயின்ட் அடித்த படகை நான் எடுத்தால் அது இலைபோல் வெளுக்காமல் பெரும்பாலும் சாம்பலாகத்தான் நிற்கும்.

தண்ணீர் ஏன் தார் ஊற்றியது போல் இருக்கிறது?

இலை திருப்பி அனுப்புவதைத் தண்ணீர் குடித்துவிடுகிறது. வானமும் கறுக்கும். வானத்தை நீலமாக்கும் சிதறல் நீண்ட அலைகளுக்கு மிகக் குறைவு. ஆக வெள்ளைக் கரை, கறுப்புத் தண்ணீர், கறுப்பு வானம், நடுவில் வெண்மேகம்.

தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே கறுப்பாக இருக்காது என்பதை மட்டும் இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணுக்கால் ஆழத்தில் அடிமணலிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் திரும்பி வரும், சாம்பல் நிறம் தெரியும். முழங்காலைத் தாண்டினால் கறுப்பு. கலங்கிய தண்ணீரும் சாம்பலாகத் தெரியும். கடைசிக் கேள்விக்கு இது தேவைப்படும்.

என் கைப்பேசியிலேயே எடுக்க முடியாதா?

டிவி ரிமோட்டைக் கைப்பேசிக் கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். ரிமோட்டின் முனையில் ஊதா கலந்த வெள்ளைப் பொட்டு மின்னினால் அந்தக் கேமரா அகச்சிவப்பைக் கொஞ்சம் உள்ளே விடுகிறது என்று பொருள். பின்பக்கக் கேமராவில் பெரும்பாலும் மின்னாது, முகம் பார்க்கும் முன்பக்கத்தில் பல சமயம் மின்னும். சோதனைக்கு நல்ல விளையாட்டு. ஏரியை எடுக்கப் போதாது.

லென்ஸில் மாட்டும் ஃபில்டர் மலிவாகக் கிடைக்கிறதே, கேமராவை எதற்கு அறுக்க வேண்டும்?

ஏறக்குறைய எல்லா டிஜிட்டல் கேமராவிலும் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்று இருக்கிறது. லென்ஸின் முகத்தில் ஹோயா ஆர்72 போன்ற கறுப்பு ஃபில்டரை மாட்டினால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அது தடுக்கிறது, அகச்சிவப்பை உள்ளே இருக்கும் கண்ணாடி தடுக்கிறது. இரண்டையும் தப்பித்து வரும் துளி வெளிச்சத்துக்காக நடுப்பகலிலேயே 20, 30 நொடி திறந்துவைக்க வேண்டும். முக்காலி கட்டாயம்.

நானும் முதல் வருடம் அப்படித்தான் எடுத்தேன். 20 நொடியில் அலை எல்லாம் மழுங்கி ஏரி கண்ணாடித் தகடாகிவிட்டது. கட்டியிருந்த படகுகள் ஆடியதால் பேய்ப் படகுகள். அழகுதான், ஆனால் அது பழவேற்காடு இல்லை, எந்த ஊர்க் குளமாகவும் இருக்கலாம். பிறகு ஒரு பழைய கேமராவைக் கொடுத்து உள்ளே இருக்கும் தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டு அகச்சிவப்புக் கண்ணாடி வைத்தேன். இப்போது 1/250 நொடியில் கையில் பிடித்தே எடுக்கிறேன். மாற்றிக் கொடுத்த இடத்தில் சென்சார்மேல் ஒரு தூசியையும் உள்ளே வைத்து மூடிவிட்டார்கள். ஒவ்வொரு படத்திலும் வலது மூலை வானத்தில் ஒரு பறவை இருக்கும், அது பறவை இல்லை. மாற்றுபவரிடம் கொடுக்கும் முன் அவர் செய்த வேறு கேமராவில் எடுத்த வெற்று வானப் படம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒருமுறை மாற்றினால் அந்தக் கேமரா வழக்கமான படத்துக்கு உதவாது என்பதும் நினைவிருக்கட்டும்.

590, 665, 720, 850 என்று போட்டிருக்கிறார்களே, எதை வாங்குவது?

அந்த எண் எத்தனை நானோமீட்டரிலிருந்து வெளிச்சம் உள்ளே வரும் என்பதைக் குறிக்கிறது. 590-இல் கண்ணுக்குத் தெரியும் ஆரஞ்சும் சிவப்பும் கலந்து வரும், இலை மஞ்சளாக மாறும், திருமண ஆல்பத்துக்கு ஆகும். 850 முழுக்கக் கறுப்பு வெள்ளை. நான் 720 வைத்திருக்கிறேன். 850-இல் தண்ணீர் இன்னும் கறுப்பாக வரும், ஆனால் மேலே சொன்ன ஆழமில்லாத இடத்துச் சாம்பல் அதில் அமுங்கிப்போகும். எனக்கு அந்தச் சாம்பல்தான் வேண்டும்.

படம் முழுக்கச் சிவப்பாக வருகிறது. கேமரா கெட்டுவிட்டதா?

கெடவில்லை. வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) வெயில் படும் பச்சைப் புல்லைக் காட்டி அமையுங்கள், கேமரா எதையும் திருத்தாத ரா கோப்பாக எடுங்கள். ஜேபெக் கோப்பில் பிறகு திருத்த இடமே இருக்காது. சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றி வானத்தை நீலமாக்கும் வித்தையைப் பலர் கேட்கிறார்கள். செய்யலாம், ஒரு நிமிட வேலை. எனக்கு அது சோப்பு விளம்பரம் போல் இருக்கிறது, நான் கறுப்பு வெள்ளையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

படத்தின் நடுவில் வெளிறிய வட்டம் விழுகிறது. வெயிலா?

லென்ஸ். சில லென்ஸ்களின் பூச்சு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்டது. அகச்சிவப்பு அதற்குள் முன்னும் பின்னும் எதிரொளித்து நடுவில் சேர்ந்துவிடும். துளையைச் சுருக்கச் சுருக்க வட்டம் எடுப்பாகும். துளையைத் திறந்து எஃப் 5.6-இல் ஒன்று, சுருக்கி எஃப் 16-இல் ஒன்று எடுத்து ஒப்பிட்டால் உங்கள் லென்ஸ் எந்தச் சாதி என்று தெரிந்துவிடும். விலை உயர்ந்த லென்ஸிலும் வரும், தாத்தா காலத்து லென்ஸில் வராமலும் இருக்கும்.

எந்த மாதம், எந்த நேரம் போனால் நன்றாக வரும்?

மற்ற புகைப்படக்காரர்கள் கேமராவை மூடிவிட்டுச் சாப்பிடப் போகும் நேரம் நமக்கு நல்ல நேரம். காலை பத்து முதல் பிற்பகல் மூன்று வரை, பளிச்சென்ற வெயில், முதுகுக்குப் பின்னால் சூரியன். சூரியனைப் பார்த்து எடுத்தால் தண்ணீரில் மினுமினுப்பு வந்து கறுப்பு கெட்டுவிடும். தொலைவில் இருக்கும் புழுதி மங்கலை அகச்சிவப்பு ஓரளவு விலக்கிக் காட்டும், மார்கழிக் காலையின் மூடுபனியை ஊடுருவாது. அதை நம்பி ஐந்து மணிக்கு எழுந்து ஏமாந்திருக்கிறேன்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ஏரி நிறைந்திருக்கும், கரை தழைத்திருக்கும். மே, ஜூனில் தண்ணீர் உள்வாங்கி வெடித்த சேறும் உப்புப் பூத்த தரையும் வெளியே வரும். இரண்டு காலத்திலும் போக வேண்டும். ஒன்றில் மட்டும் போகிறவர் ஏரியைப் பாதிதான் பார்க்கிறார்.

படகில் போய் நடுவிலிருந்து எடுக்கலாமா? டிரோன்?

2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றிப்பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். சராசரி ஆழம் ஒரு மீட்டர்தானே என்று நினைக்காதீர்கள், முகத்துவாரத்தின் அருகே கடலின் இழுப்பு வேறு. சுற்றுலாப் படகு என்று யாராவது கூப்பிட்டால் ஏற வேண்டாம். லைட்ஹவுஸ் குப்பம் போகும் பாலத்திலிருந்தே வேண்டிய அளவு தெரியும்.

டிரோனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடப்பது ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏவும் தீவுக்குப் பக்கத்தில் பறக்கவிட்டு மாட்டிக்கொண்டு என்னைத் தொலைபேசியில் அழைக்காதீர்கள். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதியும் ஆந்திரப் பகுதியும் பறவைகள் சரணாலயங்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இவ்வளவு படத்தில் ஒரு பூநாரைகூட இல்லையே?

பூநாரையின் அழகே அந்த இளஞ்சிவப்பு. அகச்சிவப்பில் அது வெறும் வெள்ளைக் கொக்காகிவிடும். பூநாரைக்கு வழக்கமான கேமரா போதும், நெருங்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

இறால் பிடிக்கும் பெண்களை எடுக்கலாமே? அருமையான காட்சியாக இருக்கும்.

காட்சி அருமைதான். இடுப்பளவுச் சேற்றுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் தரையைத் தடவி இறாலைப் பிடித்து, பல்லில் கவ்விய பனையோலைப் பறிக்குள் போட்டுக்கொண்டே நகர்வார்கள். சிறு வயதில் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

அகச்சிவப்பில் எடுக்க மாட்டேன். தோல் மெழுகு போலாகிவிடும், கண் குழியாகிவிடும், உயிரோடு இருப்பவரைச் சிலைபோலக் காட்டும். அதைவிட முக்கியம், மெல்லிய செயற்கை இழைத் துணிகள் சில இந்த வெளிச்சத்தை ஊடுருவ விட்டுவிடும், நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். எடுக்கப்படுபவருக்கு இது தெரியாது. ஆட்கள் வரும்போது நான் அகச்சிவப்புக் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவேன். நீங்களும் வைத்துவிடுங்கள்.

ஏரி மறையப் போகிறது என்கிறீர்களே, சும்மா பயமுறுத்துகிறீர்களா? ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி அல்லவா?

நாளைக் காலையில் மறைந்துவிடாது. அறுபது கிலோமீட்டர் நீளமுள்ள ஏரி. ஆனால் இது அகலத்தில் பெரியது, ஆழத்தில் தட்டு. தட்டில் ஒரு விரல் அளவு மண் சேர்ந்தாலும் விளிம்பு வெகுதூரம் நகர்ந்துவிடும். ஆரணியாறும் காலங்கியும் சுவர்ணமுகியும் மழைக்காலத்தில் வண்டல் கொண்டுவந்து கொட்டுகின்றன. வடக்கே சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியின் குறுக்கே மண் கரையாகக் கிடக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் முகத்துவாரம். கடலும் ஏரியும் மூச்சு விட்டுக்கொள்ளும் வாய் அது. இறால் குஞ்சு கடலிலிருந்து அதன் வழியாகத்தான் உள்ளே வந்து வளர்கிறது. இந்தக் கரையோரம் மணல் வருடம் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கிறது, நிகரக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்காக. சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்ததும் வடக்கே ராயபுரம் கரை அரித்துப் போனதும் இதனால்தான். அந்த மணல் இங்கே முகத்துவாரத்தில் திட்டாக உட்கார்ந்து, கோடையில் வாயை அடைத்துவிடும். அடைத்தால் தண்ணீர் தேங்கும், உப்பேறும், இறால் வராது. படகும் கடலுக்குப் போக முடியாது. முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவையுங்கள் என்று மீனவர்கள் பல ஆண்டுகள் கேட்டு வந்தார்கள்.

இங்கே பாடு என்று ஒரு முறை உண்டு. ஏரியில் வலை கட்டத் தோதான இடங்களைக் கிராமங்கள் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும். ஆழமும் நீரோட்டமும் இருந்தால்தான் அது பாடு. மணல் ஏறிவிட்டால் முறை இருக்கும், மீன் இருக்காது. ஏரி மறைவது என்றால் மீனவருக்கு அர்த்தம் அதுதான். வரைபடத்தில் நீல நிறம் இன்னும் நூறு வருடம் இருக்கலாம்.

இதை வழக்கமான வண்ணப் படத்தில் காட்டக் கூடாதா?

வண்ணப் படத்தில் சேறும் கலங்கல் தண்ணீரும் ஒரே பழுப்பு. தண்ணீர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று எடுத்த எனக்கே தெரியாது. அகச்சிவப்பில் கத்தியால் கீறியது போல் ஒரு கோடு விழும். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெளுப்பு. நான் ஏழு வருடமாக எடுப்பது அந்தக் கோட்டைத்தான், மேகமும் மரமும் கூடவே வந்தவை.

செயற்கைக்கோள் அந்தக் கோட்டைத் தினமும் எடுக்கிறதே, நீங்கள் எதற்கு?

தினமும் இல்லை, ஆனால் எடுக்கிறது. என் கேமரா பார்க்கும் அதே அகச்சிவப்பில்தான் எடுக்கிறது. இதில் ஒரு வேடிக்கை. 2011 ஏப்ரல் 20 அன்று ரிசோர்ஸ்சாட்-2 செயற்கைக்கோளை பிஎஸ்எல்வி ராக்கெட் தூக்கிக்கொண்டு போனது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, அதாவது இந்த ஏரியின் மடியிலிருந்து. அதில் உள்ள லிஸ்-3 கேமராவின் ஒரு புள்ளி தரையில் 23.5 மீட்டர். அந்த ஒரு புள்ளிக்குள் இரண்டு படகும் ஒரு வலை உலர்த்தும் இடமும் அடங்கிவிடும். ஏரி எவ்வளவு சுருங்கியது என்று அறிய அதைப் பாருங்கள். அப்பா உட்கார்ந்து தூண்டில் போட்ட கல் இப்போது தண்ணீரிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று அது சொல்லாது. பதினான்கு அடி.

வருடாவருடம் அதே படத்தை எப்படி அச்சு அசலாக எடுக்கிறீர்கள்?

அதே லென்ஸ், அதே உயரம், அதே மாதம். முதல் படத்தை அச்சிட்டுக் கையில் எடுத்துப்போய், பனைமரமும் மின்கம்பமும் ஒன்றின்மேல் ஒன்று படத்தில் விழுந்தபடியே விழும்வரை நகர்வேன். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் இருந்த ஒரு விரிசல்தான் என் அடையாளம், முக்காலியின் முன்கால் அதற்கு நேராக நிற்கும். சென்ற வருடம் போனால் விரிசலைப் பூசிச் சுண்ணாம்பும் அடித்துவிட்டார்கள். நல்ல வேலைதான், குறை சொல்ல முடியாது. ஒரு மணி நேரம் தேடினேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் தவறுவது ஓரிடத்தில். கடல் ஏற்றத்தில் ஒன்று, இறக்கத்தில் ஒன்று எடுத்து ஒப்பிட்டு ஏரி சுருங்கிவிட்டது என்று கூவக் கூடாது. நேரத்தையும் முகத்துவாரம் திறந்திருந்ததா என்பதையும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் எழுதுங்கள்.

அழிவை இவ்வளவு அழகாகக் காட்டுகிறீர்களே, உறுத்தவில்லையா?

உறுத்துகிறது. என் படங்களில் அதிகம் பாராட்டு வாங்கியது, கரை முழுக்க வெண்முத்து கோத்தாற்போல் மரங்கள் நிற்கும் ஒன்று. அந்த மரங்கள் வேலிக்காத்தான், மற்ற ஊர்களில் சீமைக்கருவேலம் என்பார்கள். சிறு வயதில் அங்கே தண்ணீர் இருந்தது. தண்ணீர் பின்வாங்கிய இடத்தில் முதலில் வந்து குந்துவது இதுதான். ஏரி எங்கே அதிகம் போய்விட்டதோ அங்கே என் படம் அதிகம் வெளுத்து ஜொலிக்கும். ஆகவே இப்போது அந்தப் படத்தைத் தனியாகக் கொடுப்பதில்லை. 'வேலிக்காத்தான், முன்பு தண்ணீர்' என்று அடியில் எழுதித்தான் கொடுக்கிறேன். ஒருவர் அந்த வரியை வெட்டிவிட்டுச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

மீனவர்களிடம் காட்டினீர்களா? என்ன சொன்னார்கள்?

கோட்டைக்குப்பத்தில் எனக்குப் பழக்கமான படகுக்காரர் ஒருவர் இருக்கிறார். பாலத்திலிருந்து எடுத்த பெரிய படம் ஒன்றை அவர் வீட்டுத் திண்ணையில் விரித்தேன். மேகம், பனைமரம், கறுப்பு வானம் எதையும் அவர் பார்க்கவில்லை. கறுப்புத் தண்ணீருக்குள் லேசாக ஒரு சாம்பல் கோடு ஓடியது. நான் அதை அச்சுக் குறை என்றுகூட ஒருமுறை நினைத்திருக்கிறேன். மீன் செதில் ஒட்டிய விரலை அதன்மேல் வைத்து நகர்த்தி, "தம்பி, இங்கேதான் படகு தட்டும்" என்றார். இன்னும் இரண்டு விரற்கடை தள்ளி வைத்து, "போன வருடம் இங்கே தட்டவில்லை" என்றார்.

முந்தைய வருடப் படம் இருக்கிறதா என்று கேட்டார். பையில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, புதியதை அவரே வைத்துக்கொண்டார். மூலையில் ஒரு செதில் ஒட்டிய பழைய படம் என்னிடம் இருக்கிறது.